எதிரணி ரசிகர்களுக்கு வைக்கும் பட்டப்பெயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு பேர் சேர்ந்து கால்பந்து பார்த்தால், இடைவேளைக்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “அவங்களை ஏன் அப்படிக் கூப்பிடறாங்க?” ஒரு பெயரை விளக்கினால் அடுத்தது வரும். அப்புறம் “அது தப்பான வார்த்தையா?” என்று பேச்சு திரும்பும். பல வருடமாக இதே சந்தேகங்களுக்கு வாயால் பதில் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். சில வசைச்சொற்களை விளக்குவதற்காக அப்படியே எழுத வேண்டியிருக்கிறது. அவற்றைத் தேவைக்கு மேல் எழுதவில்லை.

இந்தப் பேரெல்லாம் யார் வைக்கிறாங்க? கிளப்பா, ரசிகர்களா?

மூன்று வழிகளில் வருகின்றன. முதலாவது, கிளப் பிறந்த கதையிலிருந்து வருவது. ஆர்சனல் அணியை 1886-இல் லண்டன் வுல்விச்சில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கினார்கள். அதனால் ‘கன்னர்ஸ்’, அதாவது பீரங்கிக்காரர்கள். வெஸ்ட் ஹாம் அணி 1895-இல் தேம்ஸ் கரையில் இரும்புக் கப்பல் கட்டிய நிறுவனத்திலிருந்து வந்தது. அதனால் ‘ஹேமர்ஸ்’, சுத்தியல்கள். இவற்றில் சண்டைக்கு இடமில்லை.

இரண்டாவது, அந்த ஊர்க்காரர்களுக்கு ஏற்கெனவே இருந்த பெயர் ரசிகர்களுக்கும் ஒட்டிக்கொள்வது. மூன்றாவது, எதிரணி கேலிக்காக வைப்பது. என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகையைப் பற்றியவை.

‘ஸ்கௌசர்’, ‘ஜோர்டி’ எல்லாம் ஊர்ப்பேர்தானே, அதுல என்ன கேலி இருக்கு?

ஆரம்பத்தில் இருந்தது. வடகடல் துறைமுகங்களில் மாலுமிகள் ‘லாப்ஸ்கௌஸ்’ என்று ஒரு குழம்பு சாப்பிடுவார்கள். இறைச்சி, உருளைக்கிழங்கு, கப்பல் பிஸ்கட் என்று கையில் இருந்ததைப் போட்டுக் கொதிக்க வைத்தது. லிவர்பூலில் அது ஏழைகளின் சாப்பாடாக ஆனது. சாப்பாட்டின் பெயரே ஆட்களின் பெயராகி, ‘ஸ்கௌசர்’ என்று நிலைத்தது. இன்று லிவர்பூல்காரர்கள் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

நியூகாசில் பக்கத்து ‘ஜோர்டி’ என்பது ஜார்ஜ் என்ற பெயரின் செல்லச் சுருக்கம். 1745 கலகத்தின்போது அந்த ஊர் மன்னர் ஜார்ஜின் பக்கம் நின்றதால் வந்தது என்பார்கள். ஜார்ஜ் ஸ்டீபன்சன் 1815-இல் செய்த சுரங்க விளக்கை அந்தப் பக்கத்துத் தொழிலாளர்கள் பயன்படுத்தியதால் வந்தது என்றும் சொல்வார்கள். பக்கத்து ஊரான சண்டர்லேண்டின் ‘மேக்கம்’ கப்பல் கட்டும் தொழிலோடு சேர்ந்தது. ‘மேக்’ (செய்வது) என்ற ஆங்கிலச் சொல்லை அந்த ஊர்க்காரர்கள் உச்சரிக்கும் விதத்தைக் கிண்டல் செய்த பெயர் அது. மிடில்ஸ்பரோ ரசிகர்களுக்கு ‘ஸ்மாகி’: ரசாயன ஆலைகளும் உருக்காலைகளும் கக்கிய புகையை வைத்து எதிரணி சொன்னது. அதையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வகையில் ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. பெயரை மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். சண்டர்லேண்ட் ரசிகரைப் பார்த்து ‘ஜோர்டி’ என்றால் அவர் நிச்சயம் கோபப்படுவார்.

எதிரணி கேலிக்கு வெச்ச பேரை அந்த ரசிகர்களே ஏன் எடுத்துக்கறாங்க?

கேலிக்குக் கூச்சப்படுகிறவன் இருக்கும்வரைதான் அது வேலை செய்யும். அவனே அந்தப் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தால், கேலி செய்தவனுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. இதற்கு பிரேசிலை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சாவ் பாவ்லோவின் பால்மெய்ராஸ் இத்தாலியக் குடியேறிகளின் அணி. முன்பு அதன் பெயர் பலேஸ்த்ரா இத்தாலியா. இரண்டாம் உலகப்போரில் பிரேசில் இத்தாலிக்கு எதிராக நின்றபோது, 1942-இல் பெயரை மாற்ற வேண்டி வந்தது. அந்தக் காலத்திலேயே இத்தாலியர்களைப் பன்றி என்று திட்டும் வழக்கம் இருந்தது. 1969 ஏப்ரலில் அதே ஊர் எதிரணியான கொரிந்தியன்ஸின் வீரர்கள் இருவர் கார் விபத்தில் இறந்தார்கள். பதிவுக் காலம் முடிந்திருந்தாலும் அவர்களுக்குப் பதிலாக வேறு இருவரைச் சேர்க்க அனுமதி வேண்டும் என்று கொரிந்தியன்ஸ் கேட்டது. பால்மெய்ராஸ் சம்மதிக்கவில்லை. கொதித்துப்போன கொரிந்தியன்ஸ் தலைவர் அவர்களைப் பன்றிகள் என்றார். அதற்குப் பிறகு எதிரணி ரசிகர்கள் மைதானத்துக்குள் நிஜப் பன்றியையே விரட்டிவிட்டார்கள். பல வருடம் இந்தச் சொல்லுக்காக அடிதடி நடந்தது. 1986-இல் பால்மெய்ராஸ் தரப்பு தீர்மானித்தது: இனி நாமே சொல்லிக்கொள்வோம். அணியின் வீரர் ஒருவர் பன்றிக்குட்டியைக் கையில் ஏந்தி நிற்கும் படம் ஒரு விளையாட்டு இதழின் அட்டையில் வந்தது. இன்று கோல் விழுந்தால் “போர்கோ, போர்கோ” (பன்றி, பன்றி) என்று முழங்குவது அவர்கள் கேலரிதான்.

ரியோவின் ஃபிளமெங்கோ கதை இதைவிடக் கூர்மையானது. அந்த அணிக்கு ஏழைகளும் கறுப்பினத்தவரும் பெருந்திரளாக ஆதரவு தந்தார்கள். எதிரணிகள் அவர்களை ‘உருபு’ என்றார்கள். கறுப்பான பிணந்தின்னிக் கழுகின் பெயர் அது, வெளிப்படையான நிறவெறி. 1969-இல் பொடஃபோகோவுடனான ஆட்டத்துக்கு முன் ஃபிளமெங்கோ ரசிகர்களே ஒரு கழுகைக் காலில் கொடி கட்டி மரக்கானா மைதானத்தில் பறக்கவிட்டார்கள். ஆட்டத்தை 2-1 என்று வென்றார்கள். அன்று முதல் அந்தப் பறவைதான் அணியின் சின்னம். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ரிவர் பிளேட் ரசிகர்களை ஏன் கோழின்னு சொல்றாங்க?

ரிவர் பிளேட் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் அணி. 1966-இல் தென் அமெரிக்க கிளப்புகளுக்கான கோபா லிபர்டடோரஸ் கோப்பை இறுதிச்சுற்றின் மூன்றாவது ஆட்டம் சிலியின் சாந்தியாகோவில் நடந்தது. உருகுவேயின் பெனரோலுக்கு எதிராக ரிவர் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. அங்கிருந்து சரிந்து, கூடுதல் நேரத்தில் 4-2 என்று தோற்றது. நாடு திரும்பியபின் பான்ஃபீல்டு அணியின் மைதானத்தில் விளையாடியபோது, ரிவர் சட்டையைப் போலக் குறுக்கே சிவப்புப் பட்டை போட்ட ஒரு வெள்ளைக் கோழியை எதிரணி ரசிகர்கள் உள்ளே விட்டார்கள். பயந்தாங்கொள்ளி என்று அர்த்தம். அதற்கு முன் அவர்களுக்கு ‘மில்லோனாரியோஸ்’ (கோடீஸ்வரர்கள்) என்ற கௌரவமான பெயர் இருந்தது. 1930களின் தொடக்கத்தில் வீரர்களைப் பெரும் தொகை கொடுத்து வாங்கியதால் வந்தது.

இந்தக் கேலிக்கு மூலம் ஓர் ஆட்டத்தில் நடந்த தோல்வி. யாருடைய பிறப்பும் இதில் இல்லை. அதனால் இதை நான் சுத்தமான கேலி என்பேன். ஆனாலும் சுடும். 2004-இல் ரிவர் மைதானத்தில் நடந்த கோபா லிபர்டடோரஸ் அரையிறுதியில் அதே ஊர் எதிரணியான போகா ஜூனியர்ஸின் கார்லோஸ் டெவெஸ் கோல் அடித்துவிட்டுக் கோழி போலக் கைகளை ஆட்டினார். நடுவர் அவரை வெளியேற்றினார். வாயால் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அப்ப போகா ஜூனியர்ஸ்காரங்களுக்கு என்ன பேர்?

‘போஸ்டெரோஸ்’. ‘போஸ்டா’ என்றால் சாணம். அணி பிறந்த லா போகா, பியூனஸ் அயர்ஸின் துறைமுகப் பகுதி. தாழ்வான, நாற்றமடிக்கும் ஆற்றங்கரை. செங்கல் சூளைகளுக்கு அங்கே குதிரைச் சாணம் பயன்பட்டது என்பார்கள். ஏழைகளின் பேட்டை என்பதைக் குத்திக்காட்டும் பெயர். போகா ரசிகர்கள் இதைப் பெருமையாக மாற்றிவிட்டார்கள். பால்மெய்ராஸ் செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள்.

ஆனால் அதே போகா ரசிகர்களை ‘பொலிவியாக்காரர்கள்’, ‘பராகுவேக்காரர்கள்’ என்று ஏசும் கோஷங்களும் உண்டு. பக்கத்து நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்பதையே வசையாக்குவது. இது சாணத்தைவிடப் பல மடங்கு மோசம். இப்படிப் பாடினால் அர்ஜென்டினாவில் நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறார்கள். பொலிவியாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளி எந்த அணியின் ரசிகராகவும் இருக்கலாம். அவர் காதில் அந்தப் பாட்டு எப்படி விழும் என்று யோசித்தால் போதும்.

தொழுநோயாளின்னு ஒரு ரசிகர் கூட்டத்துக்கே பேர் இருக்காமே?

இருக்கிறது. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்தில் நியூவெல்ஸ் ஓல்டு பாய்ஸ் ரசிகர்கள் ‘லெப்ரோசோஸ்’, தொழுநோயாளிகள். ரொசாரியோ சென்ட்ரல் ரசிகர்கள் ‘கனாயாஸ்’, அயோக்கியர்கள். தொழுநோய் மருத்துவமனை ஒன்றுக்கு உதவ ஆட்டம் நடத்தலாம் என்று 1920களில் அழைப்பு வந்ததாம். நியூவெல்ஸ் ஒப்புக்கொண்டது, சென்ட்ரல் மறுத்தது. “நீங்கள் தொழுநோயாளிகள்” என்று ஒருவர் சொல்ல, “வர மறுத்த நீங்கள் அயோக்கியர்கள்” என்று மற்றவர் சொல்ல, இரண்டும் நிலைத்துவிட்டன. ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. இரண்டு தரப்பும் தங்கள் பெயரைத் தாங்களே பாடுகிறார்கள்.

நோயின் பெயரைத் திட்டாக வைப்பது சரியா என்று கேட்பார்கள். பொதுவாகச் சரியில்லை என்றே சொல்வேன். இங்கே மட்டும் விஷயம் தலைகீழாகிறது. நோயாளிகளுக்கு உதவப் போனதற்காகக் கிடைத்த பெயர் என்று நியூவெல்ஸ்காரர்கள் அதை நினைக்கிறார்கள். அந்த நினைவு இருக்கும்வரை அந்தப் பெயரில் ஒரு கண்ணியம் இருக்கிறது.

ஹார்ட்டில்பூல்ல நிஜமாவே குரங்கைத் தூக்குல போட்டாங்களா?

கதை இப்படிப் போகும். நெப்போலியன் போர்க்காலத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் அந்தக் கரையில் உடைந்தது. பிழைத்தது சிப்பாய் உடை போட்ட ஒரு குரங்கு மட்டும். பிரெஞ்சுக்காரனையே பார்த்திராத ஊர்க்காரர்கள் அதை உளவாளி என்று நினைத்து விசாரித்துத் தூக்கிலிட்டார்கள். அந்தக் காலத்து ஆவணம் எதிலும் இது இல்லை. 1850களில் ஒரு மேடைப் பாடகர் பாடியதிலிருந்துதான் கதை பரவியது. ஆகவே இதை நடந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

‘குரங்கைத் தூக்கிலிட்டவர்கள்’ என்று பக்கத்து ஊர்கள், குறிப்பாக டார்லிங்டன் ரசிகர்கள், கேலி செய்தார்கள். ஹார்ட்டில்பூல் யுனைடெட் குரங்கையே சின்னமாக்கியது. அந்தப் பொம்மைக்கு ஹேங்கஸ் என்று பெயர். பொம்மை உடைக்குள் இருந்த ஸ்டூவர்ட் டிரம்மண்ட் 2002 மேயர் தேர்தலில் நின்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்று வாக்குறுதி கொடுத்தார், ஜெயித்தார். அடுத்த இரண்டு தேர்தலிலும் ஜெயித்தார்.

சவுத்தாம்டன்காரங்களுக்கு ‘ஸ்கம்’னு பேர் வந்தது ஒரு தொழிற்சங்கத்தோட சுருக்கப்பேர்லேருந்தாமே?

போர்ட்ஸ்மவுத் ரசிகர்கள் சொல்லும் கதை அது. துறைமுக வேலைநிறுத்தத்தை உடைத்த சவுத்தாம்டன் தொழிற்சங்கத்தின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து அந்தச் சொல் வந்ததாம். நம்பாதீர்கள். ‘ஸ்கம்’ என்பது பல நூற்றாண்டுப் பழமையான சொல்; கொதிக்கும் பாத்திரத்தில் மேலே மிதக்கும் அழுக்கு நுரை. மனிதரைத் திட்டவும் அது பழகிய வார்த்தைதான். வேறு பல அணி ரசிகர்களும் தங்கள் எதிரிகளை அதே சொல்லால் திட்டுகிறார்கள். அவர்களுக்கெல்லாம் எந்தத் தொழிற்சங்கமும் தேவைப்படவில்லை. ஒரு பெயருக்கு முதலெழுத்துச் சுருக்கம் என்று யாராவது விளக்கம் சொன்னால் உடனே சந்தேகப்படுங்கள். பெயர் முதலில் வரும், விளக்கம் பின்னால் தேடிப் பொருத்தப்படும்.

பதிலுக்கு சவுத்தாம்டன்காரர்கள் போர்ட்ஸ்மவுத் ரசிகர்களை ‘ஸ்கேட்’ என்கிறார்கள். கடற்படை ஊரில் மாலுமிகளுக்கு இருந்த கேலிப்பெயர் அது, திருக்கை வகை மீனின் பெயர். அதற்குப் பின்னால் சொல்லப்படும் கதை அருவருப்பானது, இங்கே வேண்டாம்.

ஷெஃபீல்டுல ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பன்னின்னு சொல்றாங்களே, உண்மையில யார் பன்னி?

இரண்டு பேரும்தான். அந்த ஊரில் ஷெஃபீல்டு யுனைடெட், ஷெஃபீல்டு வெட்னஸ்டே என்று இரண்டு அணிகள். யுனைடெட் ரசிகர்களுக்கு வெட்னஸ்டே பன்றி, வெட்னஸ்டே ரசிகர்களுக்கு யுனைடெட் பன்றி. யுனைடெட் சட்டையின் சிவப்பு வெள்ளைக் கோடுகள் பன்றி இறைச்சித் துண்டு போல இருக்கிறது என்று ஒரு தரப்பு விளக்கம் சொல்லும். யார் முதலில் ஆரம்பித்தது என்று இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு பதில் வரும்.

ஜெர்மனியில் இன்னொரு வழி உண்டு: பெயரையே சொல்லாமல் இருப்பது. ஷால்கே ரசிகர்கள் டார்ட்முண்டை ‘லூடென்ஷைட் வடக்கு’ என்பார்கள். டார்ட்முண்டுக்காரர்கள் ஷால்கேயை ‘ஹெர்னே மேற்கு’ என்பார்கள். பக்கத்துச் சின்ன ஊரின் ஒரு மூலை என்று தாழ்த்துவது. யாரையும் புண்படுத்தாமல் இவ்வளவு எரிச்சல் மூட்ட முடிவது எனக்குப் பிடித்த விஷயம்.

சட்டையைப் பார்த்து வெச்ச பேர்கள்ல தப்பு ஏதும் இல்லையே?

பெரும்பாலும் இல்லை. அட்லெட்டிகோ மாட்ரிட் ‘கோல்சோனெரோஸ்’, மெத்தை தைப்பவர்கள். அந்தக் காலத்து மெத்தை உறைகளில் சிவப்பு வெள்ளைக் கோடுகள் இருந்தன. பார்சிலோனாவின் ‘கூலே’ சட்டையிலிருந்து வரவில்லை, ஆனால் அதைப் போலவே அப்பாவியானது. பழைய மைதானத்தில் இடம் போதாமல் மதில்மேல் உட்கார்ந்தவர்களின் பின்புறம் வரிசையாகத் தெருவில் போகிறவர்களுக்குத் தெரிந்ததால் வந்தது.

யுவென்டஸின் ‘கோபி’ மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கும். 1950களில் அவர்கள் போட்ட தொளதொள சட்டைக்குள் காற்றுப் புகுந்து முதுகு உப்பித் தெரிந்தது, அதனால் கூனர்கள். கேலி சட்டையைப் பற்றியது என்பது இத்தாலிய ரசிகர்களுக்குத் தெரியும். ஆனால் முதுகு வளைந்த ஒரு பிள்ளை அதே கேலரியில் உட்கார்ந்திருக்கலாம். தடை செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். நான் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

டாட்டன்ஹாம் ரசிகர்களே தங்களை அந்தப் பேர்ல கூப்பிட்டுக்கறாங்க, அப்ப மத்தவங்க சொன்னா என்ன தப்பு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ‘யிட்’ என்ற அந்தச் சொல்லுக்கு, ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் யூதர் என்றுதான் பொருள். ஆனால் ஆங்கிலத் தெருக்களில் அது வசை. 1930களில் பிரிட்டிஷ் பாசிஸ்டுகள் கிழக்கு லண்டன் யூதர்களுக்கு எதிராக அதைக் கோஷமாகவே போட்டார்கள். டாட்டன்ஹாமுக்கு வட லண்டன் யூதர்கள் பலர் ஆதரவாளர்களாக இருந்ததால், எதிரணிகள் அந்தச் சொல்லை அந்த அணியின் எல்லா ரசிகர்கள் மீதும் எறிந்தன. அதோடு நிற்கவில்லை. யூதர்களைக் கொன்ற நாஜி விஷவாயு அறையின் சத்தத்தைப் போல ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறுவதும் சேர்ந்துகொண்டது. இதற்குப் பதிலாகத்தான் யூதர், யூதரல்லாதார் என்று எல்லா டாட்டன்ஹாம் ரசிகர்களும் அந்தச் சொல்லைத் தங்கள் பெயராக்கினார்கள். “எங்களில் ஒருவனைத் திட்டினால் எல்லாரையும் திட்டு” என்ற மனநிலை. அதில் உண்மையான தோழமை இருந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

2013-இல் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், யார் சொன்னாலும் அந்தச் சொல் புண்படுத்தக்கூடியது, குற்றமாகவும் ஆகலாம் என்றது. அப்போதைய பிரதமர் டேவிட் கேமரூன், தன்னைத்தானே சொல்லிக்கொள்வதும் வெறுப்போடு சொல்வதும் வேறு வேறு என்றார். அந்தச் சொல்லைச் சொன்னதற்காகக் கைதான மூன்று டாட்டன்ஹாம் ரசிகர்கள் மீதான வழக்கு 2014-இல் கைவிடப்பட்டது. 2019-இல் கிளப் கருத்துக் கேட்டபோது 23,000-க்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். 2022 பிப்ரவரியில், இந்தச் சொல்லை விட்டு நகர வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கிளப்பே ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டது.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: சொன்னால் தப்பு. ஆர்சனல் ரசிகரோ செல்சி ரசிகரோ அதைச் சொல்லும்போது, முன்பு அடித்த கையே மறுபடி ஓங்குகிறது.

அப்படின்னா ஃபிளமெங்கோ கழுகு சரி, டாட்டன்ஹாம் மட்டும் ஏன் தப்பு? ரெண்டுமே இன வசைதானே?

நல்ல கேள்வி. யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் வித்தியாசம். ‘உருபு’ என்று ஏசப்பட்டவர்கள் கறுப்பின, ஏழை ரசிகர்கள். கழுகைப் பறக்கவிட்டது அவர்களுடைய கேலரியே. டாட்டன்ஹாம் கேலரியில் அந்தச் சொல்லைப் பாடுகிறவர்களில் பெரும்பாலோர் யூதர்கள் அல்ல. காயம் ஒருவருடையது, அதைச் சின்னமாக அணிவது இன்னொருவர். ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் ரசிகர்களும் தங்களை யூதர்கள் என்று சொல்லிக்கொண்டு தாவீதின் நட்சத்திரக் கொடியை ஆட்டினார்கள். எதிரணிகள் அதற்கு விஷவாயுக் கோஷத்தால் பதில் சொன்னார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர் கால்பந்தே பார்க்காத ஓர் ஆம்ஸ்டர்டாம் யூதராகக்கூட இருக்கலாம்.

இதே பிரேசிலில் ஃபுளுமினென்சே ரசிகர்களின் ‘அரிசிப் பவுடர்’ இன்னும் சிக்கலானது. 1914-இல் கலப்பின வீரரான கார்லோஸ் அல்பெர்ட்டோ முகத்தில் பவுடர் பூசி ஆடினார். வெள்ளையாகத் தெரியத்தான் பூசினார் என்று எதிரணி சொன்னது; சவரத்துக்குப் பின் பூசும் பழக்கம் என்று கிளப் சொல்கிறது. இன்று அவர்கள் கேலரி வெள்ளைப் பவுடரை அள்ளி வீசிக் கொண்டாடுகிறது. அழகான காட்சிதான். ஆனால் ஒரு கறுப்புத் தோல்காரர் ஏன் தன் நிறத்துக்காகச் சந்தேகிக்கப்பட்டார் என்ற கேள்வி அந்தப் பவுடருக்கு அடியில் மறைந்துவிடக் கூடாது.

செல்சி ரசிகர்களைப் பாடற பாட்டு வெறும் கிண்டல்தானே? அதுக்குப் போய் கேஸா?

‘ரென்ட் பாய்’ என்றால் பணத்துக்காக ஆண்களிடம் உடலை விற்கும் இளைஞன். செல்சி ரசிகர்களை அப்படி அழைத்துப் பல வருடம் பாடினார்கள். 2022 ஜனவரியில் இங்கிலாந்து அரசு வழக்குத்தொடர்வுத் துறை, இது ஒருபாலீர்ப்பாளர்கள் மீதான வெறுப்புச் சொல், வெறுப்புக் குற்றமாக வழக்குப் போடலாம் என்று தெளிவாக்கியது. கால்பந்துச் சங்கமும் அதன்பின் கிளப்புகள் மீதே நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது. பாடுகிறவர் செல்சியை மட்டும் நினைத்துப் பாடலாம். ஆனால் அந்தச் சொல் கேலியாக ஆவதற்குக் காரணமே, அப்படி இருப்பது இழிவு என்ற எண்ணம். தன்னை வெளியே சொல்லத் தயங்கும் பையன் பாடுகிறவர் பக்கத்திலேயே நிற்கிறான்.

கிளாஸ்கோவுல மட்டும் ஏன் இவ்வளவு சூடு?

செல்டிக் ஐரிஷ் கத்தோலிக்கக் குடியேறிகளின் அணியாகப் பிறந்தது. ரேஞ்சர்ஸ் பிராட்டஸ்டன்ட், பிரிட்டிஷ் விசுவாசத்தின் அணியானது. செல்டிக் ரசிகர்களை ‘ஃபீனியன்’ என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் ஐரிஷ் விடுதலைப் புரட்சியாளர்களின் பெயர் அது. அயர்லாந்தில் பெருமை, கிளாஸ்கோ கேலரியில் கத்தோலிக்கர் மீதான வசை. ரேஞ்சர்ஸ் ரசிகர்களை ‘ஹன்’ என்பார்கள். அது ரேஞ்சர்ஸ் ரசிகர் என்பதற்கு மறுபெயர், மதத்தைச் சொல்லவில்லை என்று ஒரு பக்கம் சொல்லும். பிராட்டஸ்டன்ட்டுகளை ஏசுவது என்று மறுபக்கம் சொல்லும்.

இதற்காகவே ஸ்காட்லாந்து 2012-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ரசிகர்களை மட்டும் குறிவைக்கிறது என்ற எதிர்ப்பால் 2018-இல் அது நீக்கப்பட்டது. சட்டத்தால் சொற்களைப் பட்டியல் போட்டு ஒழிக்க முடியாது என்பதை அந்த ஆறு வருடம் காட்டியது.

‘மியூனிக்’னு சொல்றது ஊர்ப்பேர்தானே? ஏன் எல்லாரும் கோபப்படறாங்க?

1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான நிலையத்தில் மான்செஸ்டர் யுனைடெட் அணி வந்த விமானம் விபத்துக்குள்ளானது. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் வீரர்கள். அதை வைத்து யுனைடெட் ரசிகர்களை ‘மியூனிக்’ என்று அழைப்பது, அந்தப் பிணங்களைக் காட்டிச் சிரிப்பது. பதிலுக்கு லிவர்பூல் ரசிகர்களை ‘கொலைகாரர்கள்’ என்பார்கள். 1985-இல் பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் யுவென்டஸ் ரசிகர்கள் பக்கம் பாய்ந்தபோது 39 பேர் இறந்ததைக் குறித்து. 1989 ஹில்ஸ்பரோ நெரிசலில் இறந்த 97 லிவர்பூல் ரசிகர்களையும் விட்டுவைக்கவில்லை. 2023 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்கு அந்த எண்ணைக் கேலி செய்யும் சட்டை போட்டு வந்த ஒருவருக்கு மைதானத்துக்கு வர 4 ஆண்டுத் தடை கிடைத்தது.

இந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் பார்த்திருக்கிறேன். இதற்கு மட்டும் இரண்டாவது பக்கம் கிடையாது.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ரசிகர்களை ‘ஸ்கேப்’னு சொல்றது அரசியலா, வசையா?

அரசியல்தான். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் நாட்டிங்ஹாம்ஷயர் சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். ‘ஸ்கேப்’ என்றால் கருங்காலி, போராட்டத்தை முறித்தவன். யார்க்‌ஷயர், டெர்பிஷயர் அணிகளின் ரசிகர்கள் இன்றும் அதைப் பாடுகிறார்கள். பட்டினி கிடந்து போராடித் தோற்ற குடும்பங்களின் கோபம் அது, எனக்குப் புரிகிறது. ஆனால் இன்று கேலரியில் நிற்கும் இருபது வயது ஃபாரஸ்ட் ரசிகன் அப்போது பிறக்கவே இல்லை. தடை செய்யும் வகையில் இதைச் சேர்க்க மாட்டேன், பரம்பரைக் கடனாக வசூலிப்பதையும் ஏற்க மாட்டேன்.

ஊரைச் சொல்லித் திட்டினா அதுவும் இனவெறியா?

இத்தாலியில் இதற்கு ‘பிரதேசப் பாகுபாடு’ என்று தனி விதியே இருந்தது. நேப்பிள்ஸ் அணி ரசிகர்களை வடக்கத்தியர்கள் ‘தெர்ரோனி’, மண்ணைக் கிண்டுபவர்கள் என்பார்கள். 1973 காலரா பரவலைச் சொல்லிக் ‘காலராக்காரர்கள்’ என்பார்கள். வெசுவியஸ் எரிமலை அவர்களைக் கழுவட்டும் என்று பாடுவார்கள். 2013-இல் இதற்காக மிலான் அணியின் கேலரியை மூட உத்தரவு வந்தபோது, நேப்பிள்ஸ் ரசிகர்களே “நேப்பிள்ஸ் காலரா, இப்போது எங்கள் கேலரியையும் மூடுங்கள்” என்று பதாகை பிடித்தார்கள். எதிரியின் வாயை அரசு அடைப்பதையும் அவர்கள் விரும்பவில்லை. அந்தப் பதாகை நியாயமானதுதான். ஆனாலும், சொந்த ஊரில் ஆயிரம் பேராக நின்று சொல்லும் தைரியம், வடக்கே தனியாக வேலைக்குப் போன ஒரு தெற்கத்தியருக்கு இருக்காது என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

இந்தியாவுல இப்படி ஒண்ணும் இல்லையா?

கொல்கத்தாவில் உண்டு. 1889-இல் தொடங்கிய மோகன் பகானும் 1920-இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்காலும். மோகன் பகான் பக்கம் நிற்கும் மேற்கு வங்கப் பூர்வீகக்காரர்கள் ‘கோட்டி’, ஈஸ்ட் பெங்கால் பக்கம் நிற்கும், கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் ‘பாங்கால்’. மோகன் பகான் ஜெயித்தால் விருந்தில் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன். அதுவரை இனிமையான கேலி. ஆனால் ‘பாங்கால்’ என்பதில் நாட்டுப்புறத்தான், அகதி என்ற குத்தல் எப்போதும் இருந்தது. குடியுரிமைச் சட்டச் சர்ச்சை நடந்த 2020 ஜனவரியில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் இரு அணிகளும் மோதிய ஆட்டத்தில் ஒரு பதாகை விரித்தார்கள்: ரத்தம் கொடுத்து வாங்கிய மண், காகிதம் கொடுத்து அல்ல. பழைய கேலிக்குள் எவ்வளவு வலி இருந்தது என்று அந்த ஒரு வரி சொல்லியது.

சட்டப்படி என்ன தண்டனை?

நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 1991 கால்பந்துக் குற்றச் சட்டம் மைதானத்தில் இனவெறிக் கோஷத்தைக் குற்றமாக்கியது. முதலில் கூட்டமாகப் பாடினால்தான் குற்றம். 1999 திருத்தத்துக்குப் பிறகு தனியாகக் கத்தினாலும் குற்றம். பிரேசிலில் 2014-இல் சான்டோஸ் கோல்கீப்பர் அரான்யாவைப் பார்த்து க்ரேமியோ ரசிகர்கள் குரங்கு என்று கத்தியதற்காக, அந்த அணியையே தேசியக் கோப்பையிலிருந்து நீக்கினார்கள். சில ரசிகர்களின் வாய்க்கு மொத்த அணியும் விலை கொடுத்தது.

கேலியே வேண்டாம்னா அப்புறம் கால்பந்துல என்ன இருக்கு?

கேலி வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ரிவருக்குக் கோழி, அட்லெட்டிகோவுக்கு மெத்தை, ஹார்ட்டில்பூலுக்குக் குரங்கு: இவை இல்லாத கால்பந்து எனக்கும் வேண்டாம். ஒரு பெயரைப் பற்றி முடிவு செய்ய நான் பார்ப்பது அது எதைச் சுட்டுகிறது என்பதை. தோற்ற ஆட்டம், சட்டை, ஊர்க்கதை என்றால் தாராளமாகப் பாடலாம். பிறப்பு, நிறம், மதம், காதல், சாவு என்றால் வேண்டாம். கூனர், அயோக்கியர் போல நடுவில் நிற்கும் பெயர்களுக்கு அந்த ஊர்க்காரர்களையே கேட்பேன்.

சின்ன வயசுலேருந்து பாடறேன், அர்த்தம் இப்பத்தான் தெரிஞ்சுது. இனி என்ன பண்றது?

பெரும்பாலானவர்கள் அப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள். மெட்டு முதலில் வருகிறது, அர்த்தம் பல வருடம் கழித்து வருகிறது. செல்சி கிளப் 2018-இல் இதை உணர்ந்துதான், யூத வெறுப்புக் கோஷம் போட்ட ரசிகர்களைத் தடை செய்வதற்குப் பதிலாக நாஜிகள் யூதர்களைக் கொன்ற ஆஷ்விட்ஸ் முகாமைப் பார்க்க அழைத்துச் செல்லலாம் என்று யோசித்தது. எல்லோரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அடுத்த ஆட்டத்தில் அந்த வரி வரும்போது மட்டும் பாடாமல் இருங்கள். பக்கத்தில் இருப்பவர் ஏன் என்று கேட்டால், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.